பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லாதீர்கள்

மலைக்காடுகளில் புதிய செடிகளைக் கண்டறிந்து பெயர் சூட்டும் தாவரவியலாளர்களுக்கும், அந்தக் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் குடியிருப்பவன். பாரிமுனையில், கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடந்தே போகிற தூரத்தில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஷிப்பிங் பில் போடுவது, பார்ட்டியிடம் பேக்கிங் லிஸ்ட் கேட்டு வாங்குவது, எக்ஸாமினேஷன் என்றால் மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கம் யார்டுக்கு ஓடுவது என்று நாள் போய்விடும். தாவரவியல் படித்தவன் இல்லை. மொட்டை மாடியில் செடி வளர்ப்பவன், லீவு கிடைத்தால் செடி பார்க்க மலைக்குப் போகிறவன், அவ்வளவுதான்.

மலைக்காடு ஒன்றில் வளரும் காட்டு ஐரிஸ் என்ற பூச்செடி, இதுவரை யாரும் பிரித்தறியாத தனி இனம் என்று அடையாளம் காணப்பட்டிருப்பதாகச் செய்தியில் படித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் ஒரு பயமும் வந்தது. அந்தப் பயம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடியின் பெயரை உலகத்துக்கே சொல்லுங்கள். அது நிற்கிற இடத்தை மட்டும் அச்சில் போடாதீர்கள்.

ஐரிஸ் நம் பக்கத்துச் செடி கிடையாது. உலகத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன. எல்லாமே வட அரைக்கோளத்துக் குளிர்ப் பிரதேசங்களையும் மிதமான பிரதேசங்களையும் சேர்ந்தவை. இந்தியாவில் காட்டு ஐரிஸ் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைக்கோ வடகிழக்கு மலைகளுக்கோதான் போக வேண்டும். ஆனால் அதன் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சின்ன டப்பாவில் கிராம் கணக்கில் விற்கிற குங்குமப்பூ அதே குடும்பம். கல்யாண மேடை ஓரத்தில் நீளத் தண்டோடு நிற்கிற கிளாடியோலஸும் அப்படித்தான்.

நான் ஐரிஸை நேரில் பார்த்தது ஸ்ரீநகரில். குடும்பத்தோடு போன டூர், ஏப்ரல் கடைசி. மற்றவர்கள் ஷிகாரா படகுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் தெருமுனைக் கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் நின்றுவிட்டேன். கல்லறைகளைச் சுற்றி வெள்ளையும் ஊதாவுமாக ஐரிஸ். அங்கே அதைக் கல்லறைகளில் நட்டு வளர்ப்பது வழக்கம். நம் ஊரில் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப் பூ என்பார்களே, அது நினைவுக்கு வந்தது. மூன்று இதழ் மேல்நோக்கி நிமிர்ந்திருக்க, மூன்று இதழ் நாக்கை நீட்டியது போலக் கீழே வளைந்திருந்தன. தொங்கும் இதழின் நடுவில் மஞ்சள் தாடி மாதிரி ஒரு வரி. ஒரு தேனீ வந்து அந்த நாக்கில் உட்கார்ந்து, தாடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்தது. மேலே கூரை போல மூடியிருக்கும் பகுதியும் இதழ் மாதிரிதான் தெரிகிறது. அது உண்மையில் சூல்தண்டின் கிளை என்று பிறகு படித்தேன். அதன் விளிம்பில் ஒரு சின்ன உதடு. உள்ளே போகும்போது தேனீயின் முதுகில் இருக்கும் பழைய மகரந்தத்தை அந்த உதடு வழித்துக்கொள்ளும். அதைத் தாண்டிப் போனால் புது மகரந்தம் முதுகில் ஒட்டும். திரும்பி வரும்போது உதடு மூடிக்கொள்ளும், தன் மகரந்தம் தனக்கே பட்டுவிடாமல். ஒரு பூவுக்குள் இப்படி மூன்று வாசல். தேனீ மூன்றுக்கும் போய் வந்தது. நான் அரை மணி நேரம் நின்றேன். வீட்டார் தேடி வந்து திட்டினார்கள்.

சரி, பூ அழகாக இருந்துவிட்டுப் போகட்டும். என் பயம் அதன் கிழங்கைப் பற்றியது.

பெரும்பாலான ஐரிஸ்களுக்கு மண்ணை ஒட்டியே இஞ்சி மாதிரி கிழங்கு ஓடுகிறது. கையளவு குச்சி ஒன்று இருந்தால் கிளறி எடுத்துவிடலாம். இலையை வெட்டிவிட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் உயிரோடு இருக்கும். பூ இல்லாத நாளில் பார்த்தால் வசம்பு என்றே நினைப்பீர்கள். அதே வாள் போன்ற இலை, அதே மாதிரி கணுக்கணுவான கிழங்கு. இரண்டும் வேறு குடும்பம் என்பது வேறு விஷயம். எங்கள் தொழிலில் ஒவ்வொரு சரக்கு வகைக்கும் ஒரு கஸ்டம்ஸ் எண் உண்டு, இதற்கு 0601. குமிழ், கிழங்கு, வேர்க்கிழங்கு, உறங்குகிற நிலையில் இருந்தாலும் முளைவிட்டிருந்தாலும் எல்லாம் அந்த நாலு இலக்கத்துக்குள் அடக்கம். செடிக்கு நோய் பூச்சி இல்லை என்கிற பைட்டோ சர்டிபிகேட் வேண்டும், பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் இலையும் பூவும் இல்லாத கிழங்குக்கு முகமே கிடையாது. யார்டு வெளிச்சத்தில் மேஜையில் கொட்டிக் கிடக்கும் நூறு கிழங்கில் எது நர்சரியில் வளர்த்தது, எது போன வாரம் காட்டில் தோண்டியது என்று எந்த அதிகாரியாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கண்டெய்னர்கூடத் தேவையில்லை, தபால் பார்சலே போதும்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், நண்பர்கள் மூன்று பேரோடு தமிழ்நாட்டு மலை ஒன்றுக்குப் போனேன். எந்த மலை என்று இங்கே எழுதப் போவதில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாறை இடுக்கில் புல்லுக்கு நடுவே வெள்ளை நில ஆர்க்கிட் பூத்திருந்தது. பன்னிரண்டு செடி, எண்ணிப் பார்த்தேன். மண்டிபோட்டுப் படம் எடுத்து, செடி வளர்ப்பவர்கள் இருக்கும் குழுவில் அன்று இரவே போட்டேன். போன் எடுத்த படத்துக்குள்ளேயே இடம் பதிவாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன, கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் ஏற வேண்டும், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த ஆவணியில் போனபோது அங்கே குழிகள்தான் இருந்தன. இரண்டு விரல் நுழையும் அளவில் வரிசையாகக் குழி. மழைத் தண்ணீர் தேங்கி, சிலவற்றில் ஓரம் சரிந்திருந்தது. பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு. கீழே ஊரில் எங்களுக்கு எப்போதும் டீ வாங்கித் தருகிற பெரியவரிடம் கேட்டேன். அவர் சொன்னது: "போன்ல படத்தைக் காட்டி, இந்தப் பூ எங்க இருக்குன்னு கேட்டாங்க தம்பி. நீங்க எடுத்த படம்தான் அது. உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சு நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. படத்தை அன்றே நீக்கினேன். நீக்கி என்ன பயன்? அது நாலு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் போட்டது ஒரு போன் படம். நீங்கள் போடுவது ஆய்விதழில் வரும் கட்டுரை. அட்சரேகை, தீர்க்கரேகை விநாடி சுத்தமாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், ஓடைக்கு எந்தப் பக்கம், எந்த மரத்தின் நிழல், எந்த மாதம் பூக்கும், மொத்தம் எத்தனை செடி என்பது வரைக்கும் இருக்கும். அறிவியலுக்காக நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு தகவலும் திருடுகிறவனுக்கும் அப்படியே உதவுகிறது. 'மொத்தமே முப்பது செடிதான்' என்ற வரியைக் கவலையோடு எழுதுகிறீர்கள். வாங்குகிறவன் அதை விலையாகப் படிக்கிறான்.

இது கற்பனைப் பயம் இல்லை. வடக்கு வியட்நாமின் பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற ஆர்க்கிட் 1999-ல்தான் பெயர் பெற்றது. சில வருடங்களுக்குள்ளேயே சேகரிப்பவர்கள் அதைக் காட்டிலிருந்து வழித்து எடுத்துவிட்டார்கள். நம் அகத்தியமலையில் மட்டும் வாழும் பாஃபியோபெடிலம் ட்ரூரி இன்னும் பழைய கதை. 1865-ல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் கண்ணில் படவில்லை, அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 1972-ல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த செய்தி பரவியதும் மறுபடியும் தோண்டினார்கள்.

அந்த ஆர்க்கிட்டுக்காவது இன்று சட்டம் இருக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுக்கவே அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் அடங்கும். கிழங்கில் முளைக்கிற பூச்செடிகளில் ஸ்னோடிராப் இருக்கிறது, சைக்ளமென் இருக்கிறது. ஐரிஸ் இல்லை. நம் நாட்டில் 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் செடிகள் வந்ததே 1991 திருத்தத்தில்தான், அதுவும் அப்போது ஆறே ஆறு பதிவுகள். எந்த நாடானாலும் சட்டப் பட்டியலில் ஒரு பெயர் ஏறக் காலம் பிடிக்கும். நேற்றுப் பெயர் வைத்த செடி எந்தப் பட்டியலிலும் இருக்க முடியாது. பார்த்த செடி, உயிரினங்களைப் பொதுமக்கள் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள்கூட ஆபத்திலிருக்கும் இனம் என்று பதிவானால்தான் இருப்பிடத்தைத் தானாக மறைக்கின்றன. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஓரிடம் என்று காட்டும். புதுச் செடிக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. பெயர் பெற்ற நாளுக்கும் சட்டம் வரும் நாளுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் அதற்குக் காவல் உங்கள் மௌனம் ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்தவரை விதியும் உங்களுக்குத் தடையாக இல்லை. தாவரப் பெயரிடலின் சர்வதேச விதித்தொகுப்பு கேட்பது விவரணை, பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி, அந்த மாதிரி எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் எந்தக் காப்பகத்தில், இருக்கிறது என்ற தகவல். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அச்சிட்டே தீர வேண்டும் என்று அது எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. விலங்கியலாளர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 1999-ல் விவரிக்கப்பட்ட கோனியூரோசாரஸ் லுயி என்ற குகைப் பல்லியை, அது முதலில் கிடைத்த இடத்தில் ஒன்றுவிடாமல் பிடித்து விற்றுவிட்டார்கள். அதன் உறவான இரண்டு புதிய இனங்களைத் தெற்குச் சீனாவிலிருந்து 2015-ல் விவரித்தவர்கள் இடத்தை வெளியிடவே இல்லை. அரசு அமைப்புகளிடம் கொடுத்திருக்கிறோம், சக ஆய்வாளர்கள் கேட்டால் தருவோம் என்று எழுதினார்கள். கட்டுரை வெளிவந்தது, பெயரும் செல்லுபடியாகியது. 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லிண்டன்மேயரும் ஷீலும் 'சயின்ஸ்' இதழிலேயே இதை வலியுறுத்தி எழுதினார்கள்.

ஆகவே 'கண்டெடுத்த இடம்' என்ற வரியில் மாவட்டமும் மலைத்தொடரும் போதும். மீதியை ஹெர்பேரியத்தின் பூட்டிய பதிவேட்டில் வையுங்கள். கோவையில் இருக்கும் நம் மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற இடங்கள் இருப்பதே இப்படிப் பத்திரப்படுத்தத்தானே? ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது: உலர்மாதிரித் தாள்களை இப்போது ஸ்கேன் செய்து இணையத்தில் போடுகிறார்கள், ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இடமெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அதையும் மறைக்க வேண்டும். வாழிடப் படம் போடும்போதும் கவனியுங்கள். பின்னால் தெரியும் மலை முகடு ஒன்றே போதும், பழகினவன் கண்டுபிடித்துவிடுவான். பெயருக்குள்ளேயே ஊர் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கொரியாவின் ஓதேசான் மலைப் பெயரால் 1974-ல் ஐரிஸ் ஓதேசானென்சிஸ் வந்தது, மான்டெனக்ரோவின் ஓர்யென் மலைப் பெயரால் 2007-ல் ஐரிஸ் ஓர்யெனி வந்தது. பெரிய மலைத்தொடரின் பெயரால் கெடுதல் இல்லை. ஒரு கணவாயின் பெயரோ ஒரு குன்றின் பெயரோ வேண்டாம். கொரிய மொழியில் ஐரிஸுக்குத் தூரிகைப் பூ என்று அர்த்தம் வரும் பெயராம். மொட்டு மையில் தோய்த்த தூரிகை மாதிரி இருப்பதால் அப்படி. வடிவத்தையும் நிறத்தையும் வைத்து இப்படிப் பெயர் வைத்தால் யாருக்கும் வழி காட்டாது.

நம் வீடுகளில் வசம்பைப் 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை என் பாட்டி வாயால் சொல்ல மாட்டார். பிள்ளைக்கு வயிறு வலித்தால், "அந்தப் பேர் சொல்லாததை எடுத்துட்டு வா" என்பார். எல்லோருக்கும் எது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் காப்பார்கள். புதிதாகக் கிடைத்த ஐரிஸ் நமக்கு ஊர் சொல்லாப் பூவாக இருக்கட்டும்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மறைத்தால் காப்பாற்ற யார் வருவார்கள்? நாளை அந்தச் சரிவில் குவாரியோ சாலையோ வந்தால், இங்கே ஒரு செடி இருக்கிறது என்று எப்படி வாதாடுவது? நான் எண்ணூருக்குப் பக்கத்தில் வாழ்கிறவன், இந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியும். எங்கள் கழிமுகத்தை வரைபடத்தோடு காட்டித்தான், இங்கே ஆறு ஓடுகிறது, இங்கே இறால் பிடிக்கிறோம், இங்கே சாம்பல் கொட்டியிருக்கிறது என்று மீனவர்கள் சொல்லிச் சொல்லித்தான், அந்த இடம் பேசப்படவே தொடங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோதும் படகையும் வலையையும் காட்டித்தான் நியாயம் கேட்டார்கள். கழிமுகத்தை ஒளித்து வைத்திருந்தால் அது எப்போதோ போயிருக்கும்.

பல நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கழிமுகத்தை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, கிழங்கைப் போட்டுக்கொண்டு போகலாம். மலைத்தொடரின் பெயரைச் சொன்னால் குவாரியை எதிர்த்து வாதாட அது போதும். துல்லியமான எண்கள் வனத்துறையிடமும் வழக்கு வந்தால் நீதிமன்றத்திடமும் போகட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மலையில் வாழ்கிற மக்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு இடம் ஏற்கெனவே தெரியும். அது உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதும், போனில் படத்தைக் காட்டிக் கேட்டு யாராவது வருவார்கள் என்பதும்தான் தெரியாது. எங்கள் பெரியவரிடம் இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், வந்தவர்களை அவர் டீக்கடையிலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பார்.

ஒரு செடிக்கு விலை வந்துவிட்டால் கடைசியில் காட்டுக்குள் அனுப்பப்படுவது கூலிக்காரன்தான். செம்மரம் சேஷாசலம் மலைகளில் விளைகிறது. பிடிபடுவது எங்கள் பக்கத்துக் குடோன்களிலும் துறைமுகக் கண்டெய்னர்களிலும். பேப்பரில் வேறு சரக்கின் பெயர் இருக்கும், கதவைத் திறந்தால் சிவப்புக் கட்டை. 2015 ஏப்ரல் 7 அன்று அந்த மலைக்காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஏழைகள் அவர்கள். வாங்குகிறவர்கள் யாரும் அன்று காட்டில் இல்லை. ஐரிஸுக்கு அவ்வளவு பெரிய சந்தை கிடையாதுதான். ஆனாலும் ஒரு மலைக் கிராமத்துப் பையனிடம் கிழங்குக்கு இருநூறு ரூபாய் என்று யாரோ சொல்லும் நாள் வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

விலை வராமல் தடுக்க வழியும் இருக்கிறது. சிட்னிக்கு வடமேற்கே மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் 1994-ல் வொல்லமி பைன் மரத்தைக் கண்டுபிடித்தார்கள். காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. இடத்தை இன்றுவரை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். கூடவே கன்றுகளை வளர்த்துப் பெருக்கி, 2005-ல் ஏலத்திலும் அடுத்த வருடம் நர்சரிகளிலும் விற்றார்கள். கடையில் வாங்க முடிகிற கன்றுக்காக யார் கயிறு கட்டி அந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவார்கள்? ஐரிஸுக்கு இது இன்னும் சுலபம். விதை போட்டால் சில வருடங்களில் பூத்துவிடும், பூத்ததைக் கிழங்கு பிரித்து நட்டுப் பெருக்கலாம். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, அனுமதி பெற்றுக் கைப்பிடி விதையை இரண்டு மூன்று தாவரவியல் தோட்டங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் வரும் வருமானத்தில் அந்த மலை மக்களுக்குப் பங்கு இருக்கட்டும்.

ஆசிரியர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு நீங்கள் தரும் வழிகாட்டுக் குறிப்பில் இதற்கென்று ஒரு வரி சேருங்கள். இடத்தை மறைத்து எழுதினால் கட்டுரையைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று அதில் எழுதிவிட்டால் போதும். இளம் ஆய்வாளர்கள் பலர் எண்களைப் போடுவது, போடாவிட்டால் நீங்கள் ஏற்க மாட்டீர்களோ என்ற பயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

செய்தியில் வந்த அந்த ஐரிஸ் படத்தைப் பிரிண்ட் எடுத்து, ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், டாரிஃப் தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சலான் கொண்டு வருகிற பையன்கள், லாரி டிரைவர்கள், பார்ட்டிகள் எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். "எங்க சார் இருக்கு இது?" என்று கேட்கிறார்கள். மலையில் என்று மட்டும் சொல்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து
கிளியரிங் ஏஜென்ட் அலுவலக ஊழியர் ஒருவர்